அசையாத உயிரின் நஞ்சு

செங்கடலின் பவளப்பாறைகளில் செந்நிறக் கிளைகளாக வளரும் கடற்பஞ்சு ஒன்று உண்டு. அதன் அறிவியல் பெயர் நெகொம்பாட்டா மேக்னிஃபிகா. இடுக்கிலோ பாறையின் அடியிலோ ஒதுங்காமல், போகிற வருகிற மீன்களின் கண்ணில் படும்படி வெட்டவெளியில் நிற்கும். ஆனாலும் மீன்கள் அதைத் தீண்டுவதில்லை. 1970களில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இதன் காரணத்தைத் தேடினார்கள். கடற்பஞ்சைக் கையால் பிழிந்தபோது செந்நிறச் சாறு வந்தது. அந்தச் சாறு கலந்த தொட்டி நீரில் மீன்கள் நிலைகொள்ளாமல் அலைந்தன, உடலில் ரத்தம் கசிந்தது, சில நிமிடங்களில் செத்துப்போயின.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யோயல் காஷ்மன் குழுவினர் அந்தச் சாற்றிலிருந்து நச்சு மூலக்கூறைப் பிரித்தெடுத்து, 1980இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். லாட்ரன்குலின் என்று அதற்குப் பெயர். கடற்பஞ்சுகளிலிருந்து கிடைத்த நச்சுகளின் பட்டியல் மிக நீளமானது. லாட்ரன்குலின் அதில் ஒன்று மட்டுமே. அந்தப் பட்டியலில் உள்ள சிலவற்றின் கதைதான் இந்த அத்தியாயம். அவற்றுள் இரண்டு, புற்றுநோய் மருந்துகளுக்கு வழிகாட்டின. அந்த மருந்துகள் கிடைத்த விதத்தைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: கடற்பஞ்சுகள் நமக்குத் தந்தவற்றுள் விலை மதிப்புள்ளது சரக்கு அல்ல, பாடம்.

நஞ்சு எதற்கு?

கடற்பஞ்சு ஒரு விலங்கு. அதற்கு மூளை கிடையாது, நரம்பு கிடையாது, தசையும் வயிறும் கிடையாது. உடலெங்கும் சிறு துளைகள், உள்ளே வாய்க்கால்கள், அவற்றின் சுவர்களில் சாட்டை போன்ற இழை கொண்ட செல்கள். அந்த இழைகள் ஓயாமல் அசைந்து கடல்நீரை உள்ளே இழுக்கின்றன. நீரிலுள்ள பாக்டீரியாக்களும் நுண்துகள்களும் உணவாகின்றன. வடிகட்டிய நீர் மேலேயுள்ள பெரிய துவாரத்தின் வழியே வெளியேறுகிறது. ஒரு கடற்பஞ்சு தன் பருமனைப் போலப் பல ஆயிரம் மடங்கு நீரை ஒரே நாளில் இப்படி வடிகட்டிவிடும். இதுவரை ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அறிவியல் பெயர் பெற்றுள்ளன.

இப்படி வாழும் உயிருக்கு மூன்று தொல்லைகள். குஞ்சுப் பருவத்தில் ஒரு பாறையில் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அங்கேதான். மீன் கடிக்க வந்தால் ஓட முடியாது. பாறையில் இடம் குறைவு. பவளமும் பாசியும் பிற கடற்பஞ்சுகளும் நாலாபுறமிருந்தும் நெருக்கும். நாள் முழுக்க நீரை உள்ளே இழுப்பதால் நோய்க்கிருமிகளும் கூடவே உள்ளே வரும். மூன்றுக்கும் பெரும்பாலான இனங்கள் கண்டுகொண்ட விடை வேதியியல்.

கண்ணாடித் துகள் போன்ற கூரிய முட்கள் பல கடற்பஞ்சுகளின் உடலில் உண்டே, அவை போதாதா என்று கேட்கலாம். அமெரிக்கக் கடல் உயிரியலாளர் ஜோசப் பாலிக் 1990களில் இதை எளிய முறையில் சோதித்தார். கரீபியக் கடற்பஞ்சுகளின் வேதிச்சாற்றை மீன் விரும்பும் உணவில் கலந்து சிறு உருண்டைகளாக்கி, பாறை மீன்களுக்குப் போட்டார். வாயில் வாங்கிய மீன் விழுங்குகிறதா, துப்புகிறதா என்பதே கேள்வி. சோதித்த எழுபதுக்கும் மேற்பட்ட இனங்களில் பத்துக்கு ஏழு வீதம் மீன்கள் துப்பின. முட்களை மட்டும் தனியே கலந்து கொடுத்தபோது மீன்கள் தயக்கமின்றித் தின்றன. காப்பாற்றுவது முள் இல்லை, நஞ்சு என்பது உறுதியானது.

மீதி மூன்று பங்கு இனங்கள் எப்படிப் பிழைக்கின்றன? அவை நஞ்சுக்குச் செலவிட வேண்டிய ஆற்றலை வளர்ச்சியிலும் இனப்பெருக்கத்திலும் காயம் ஆறுவதிலும் செலவிடுகின்றன. மீன் கடித்த இடம் விரைவில் வளர்ந்து மூடிக்கொள்கிறது. கரீபியத்தில் மனிதர்கள் அளவுக்கு மீறி மீன் பிடித்த பாறைகளில், கடற்பஞ்சு தின்னும் மீன்கள் குறைந்துபோய், நஞ்சில்லாத இந்த இனங்களே பெருகி நிற்பதைப் பாலிக்கும் உடனாய்வாளரும் 2014இல் காட்டினார்கள். நஞ்சைத் தயாரிப்பதற்கு ஒரு விலை உண்டு; எதிரி இருக்கும் இடத்தில்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும்.

எவ்வளவு நஞ்சிருந்தாலும் தின்பவர் இல்லாமல் போவதில்லை. ஓடில்லாத கடல் நத்தைகள் சில, நச்சுக் கடற்பஞ்சைத் தின்று அந்த நஞ்சைத் தம் தோலில் சேர்த்துவைத்துக்கொண்டு தம்மைத் தின்ன வருபவரை விரட்டுகின்றன. லாட்ரன்குலினை அப்படியே எடுத்துக்கொள்ளும் நத்தைகளும் உண்டு. கரீபியத்தில் அழுங்காமையின் உணவு ஏறக்குறைய முழுவதும் கடற்பஞ்சே என்று ஆன் மெய்லன் 1988இல் தெரிவித்தார். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அழுங்காமை இறைச்சியைத் தின்று பலர் இறந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஆமை தன் உணவிலிருந்து சேர்த்த நஞ்சே அந்த மரணங்களுக்குக் காரணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அறுத்த ஆமையின் ஈரலைக் காக்கைக்குப் போட்டு, காக்கை தொடாவிட்டால் இறைச்சியை ஒதுக்கிவிடும் வழக்கம் இலங்கைக் கரையில் இருந்தது. சமைத்தாலும் போகாத நஞ்சு அது.

செல்லுக்குள் நடப்பது

லாட்ரன்குலின் எப்படிக் கொல்கிறது? நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆக்டின் என்னும் புரதம் இருக்கிறது. ஆக்டின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து இழைகளாகின்றன. செல் தன் வடிவத்தைக் காப்பதும், நகர்வதும், இரண்டாகப் பிளப்பதும் இந்த இழைகளால்தான். இழைகள் ஒரு முனையில் வளர்ந்துகொண்டும் மறுமுனையில் கழன்றுகொண்டும் இருப்பவை. லாட்ரன்குலின் தனியாகத் திரியும் ஆக்டின் மூலக்கூறு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட மூலக்கூறு இழையில் சேர முடியாது. கழல்வது நிற்காமல் சேர்வது மட்டும் நின்றுபோனால் இழைகள் கரைந்துபோகும். செல் உருக்குலையும்.

இத்தனை புரதங்கள் இருக்கும் செல்லுக்குள் ஒன்றை மட்டும் குறிபார்த்துப் பிடிப்பதுதான் இந்த நஞ்சின் சிறப்பு. அதனாலேயே இன்று உயிரியல் ஆய்வகங்களில் லாட்ரன்குலின் ஒரு கருவி. ஆக்டின் இல்லாவிட்டால் ஒரு செல்லுக்கு என்ன ஆகும் என்று அறிய விரும்பும் ஆய்வாளர் ஒரு துளி லாட்ரன்குலின் சேர்த்துப் பார்க்கிறார். கழுவிவிட்டால் இழைகள் மீண்டும் வளர்கின்றன.

ஆக்டின் கடற்பஞ்சுக்கும் உண்டு. அப்படியானால் சொந்த நஞ்சு அதை ஏன் கொல்லவில்லை? செங்கடல் கடற்பஞ்சின் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, லாட்ரன்குலின் பெரும்பாலும் மேற்தோலை ஒட்டிய பகுதியில், சிறு பைகளுக்குள் அடைபட்டிருப்பது தெரிந்தது. கடிபடும் இடம் எதுவோ அங்கே நஞ்சு இருக்கிறது. அதுவும் செல்லின் மற்ற பகுதிகளைத் தொடாதபடி பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது.

பெர்க்மன் கண்ட படிகங்கள்

கடற்பஞ்சு வேதியியலின் முதல் பெரிய வெற்றி வேறொன்றைத் தேடியபோது கிடைத்தது. யேல் பல்கலைக்கழகத்தின் வெர்னர் பெர்க்மன் கடல் உயிரிகளின் கொழுப்புப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். ஃபுளோரிடா கடலோரத்தில் எடுத்த டெக்டிடெதியா கிரிப்டா என்ற கடற்பஞ்சைச் சூடான அசிட்டோனில் இட்டபோது எதிர்பாராத படிகங்கள் திரண்டன. அவை டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றின் கட்டுமானப் பொருள்களான நியூக்ளியோசைடுகளை ஒத்திருந்தன. ஆனால் முற்றிலும் ஒன்றல்ல. அவரும் ராபர்ட் ஃபீனியும் 1950, 1951ஆம் ஆண்டுகளில் ஸ்பாஞ்சோதைமிடின், ஸ்பாஞ்சோயூரிடின் என்ற பெயர்களில் அவற்றை அறிவித்தார்கள்.

வேறுபாடு சர்க்கரைப் பகுதியில் இருந்தது. நம் செல்களின் நியூக்ளியோசைடுகளில் ரைபோஸ் அல்லது டிஆக்சிரைபோஸ் இருக்கும். கடற்பஞ்சில் இருந்தது அராபினோஸ். ரைபோஸில் கீழ்நோக்கி இருக்கும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி அராபினோஸில் மேல்நோக்கித் திரும்பியிருக்கும், அவ்வளவே மாற்றம். அதுவரை இயற்கையில் இப்படியொரு சர்க்கரை நியூக்ளியோசைடில் இருக்கும் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. சர்க்கரையை மாற்றினாலும் செல் ஏமாந்து ஏற்றுக்கொள்ளும் என்ற புதிய எண்ணம் வேதியியலாளர்களுக்கு இதிலிருந்து கிடைத்தது.

அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் சைட்டராபின். 1959இல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். கடற்பஞ்சில் இருந்த பொருளின் நேர்நகல் இல்லை இது. அதைப் பார்த்து வகுத்த இன்னொரு மூலக்கூறு. செல் பிளவுபடும் முன் தன் டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். பூத்தொடுக்கும்போது காம்பு கோணலான பூ ஒன்று நடுவே சேர்ந்துவிட்டால் அடுத்த முடிச்சு விழாமல் வழுகும். சரம் அங்கேயே தடைப்படும். டிஎன்ஏ சரத்தில் சைட்டராபின் செய்வது இதைத்தான். வேகமாகப் பிளவுபடும் ரத்தப் புற்றுநோய்ச் செல்கள் அடிக்கடி டிஎன்ஏ படியெடுப்பதால் அவையே அதிகம் அடிபடுகின்றன. 1969இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது. கடுமையான மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முதல் வரிசை மருந்து அதுவே. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. இதே வழியில் வந்த வைடராபின் என்ற மருந்து, ஹெர்பிஸ் வைரஸை எதிர்க்கும் முதல் மருந்துகளில் ஒன்றாக 1976இல் ஒப்புதல் பெற்றது.

அறுநூறு கிலோவுக்குப் பன்னிரண்டரை மில்லிகிராம்

டோக்கியோவுக்குத் தெற்கே, மியூரா தீபகற்பத்தின் பாறைக் கரைகளில் ஹாலிகாண்ட்ரியா ஒகடாய் என்னும் கருநிறக் கடற்பஞ்சு வளர்கிறது. 1980களின் நடுவில் ஜப்பானிய வேதியியலாளர்கள் யோஷிமாசா ஹிராட்டாவும் டைசுகே உயெமுராவும் அதை 600 கிலோ சேகரித்தார்கள். கரைப்பான்களில் ஊறவைத்து, வடித்து, பிரித்து, மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தி, கடைசியில் கையில் மிஞ்சியது ஹாலிகாண்ட்ரின் பி என்ற பொருள் 12.5 மில்லிகிராம். நாலு கோடியே எண்பது லட்சத்தில் ஒரு பங்கு.

அந்தச் சொற்பத்தின் வீரியம் வியப்பூட்டியது. புற்றுநோய் உள்ள எலிகளுக்கு மைக்ரோகிராம் கணக்கில் கொடுத்தாலே அவற்றின் ஆயுள் நீண்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பரிசோதித்தபோது, அது செல்லின் நுண்குழாய்களைத் தாக்குவது தெரிந்தது. செல் பிளவுபடும்போது இரட்டித்த குரோமோசோம்களைப் பிடித்து இரு பக்கமும் இழுப்பவை நுண்குழாய்கள். நம் வீட்டு முற்றத்து நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகளின் இலக்கும் அவையே. ஆனால் ஹாலிகாண்ட்ரின் அவற்றைத் தாக்கும் விதம் வேறாக இருந்தது.

மருந்தாக்க முயன்றால் முதல் தடை அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின்னாளில் இதிலிருந்து வந்த மருந்தை நோயாளியின் உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம் வீதம், மூன்று வாரச் சுற்றில் இரு முறை செலுத்துகிறார்கள். ஒன்றரைச் சதுர மீட்டர் உடற்பரப்புள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு சுற்றுக்கு 4.2 மில்லிகிராம். மூல நஞ்சும் அதே அளவு தேவைப்பட்டிருந்தால், 600 கிலோ கடற்பஞ்சு ஒரே ஒரு நோயாளிக்கு மூன்று சுற்றுகூட முழுதாக வந்திருக்காது. உலகின் நோயாளிகளுக்கெல்லாம் என்றால் கடலடியைத் துடைத்தெடுத்தாலும் போதாது.

நியூசிலாந்தின் கைகோரா கரைக்கு அப்பால், ஆழ்ந்த நீரில் லிசோடென்டோரிக்ஸ் என்ற மஞ்சள் கடற்பஞ்சிலும் ஹாலிகாண்ட்ரின் இருந்தது. அங்கே அந்த இனம் மொத்தமே முந்நூறு டன்னுக்கும் குறைவு என்று மதிப்பிட்டார்கள். 1990களில் ஒரு டன்னை எடுத்துப் பிரித்ததில் சுமார் 300 மில்லிகிராம் கிடைத்தது. ஆரம்பகட்டச் சோதனைகளுக்கு உதவியது. அதற்கு மேல் அந்த வழியில் போக முடியாது என்பதும் அதே கணக்கில் விளங்கியது.

விடை ஹார்வர்டிலிருந்து வந்தது. யோஷிதோ கிஷி, நகோயா பல்கலைக்கழகத்தில் ஹிராட்டாவிடம் பயின்ற மாணவர். குருவின் குழு கண்டெடுத்த அந்தச் சிக்கலான மூலக்கூறை ஆய்வகத்தில் அணு அணுவாகக் கட்டியெழுப்ப முனைந்தார். அதில் 32 இடங்களில் அணுக்கள் இடம்வலம் மாறாமல் சரியாக அமைய வேண்டும்; ஓரிடம் தவறினாலும் கிடைப்பது வேறு பொருள். 1992இல் அவர் குழு வென்றது. அதைவிடப் பெரிய பரிசு அந்த வழியில் கிடைத்த இடைநிலைப் பொருள்களில் இருந்தது. ஜப்பானின் ஐசாய் நிறுவனம் அவற்றைச் சோதித்தபோது, மூலக்கூறின் வலப்பாதி ஒன்றே முழு நஞ்சின் வேலையைச் செய்தது. மறுபாதி மருந்துக்குத் தேவையே இல்லை!

பாதியை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வடிவமைத்ததில் எரிபுலின் உருவானது. அதைத் தயாரிக்கவே அறுபதுக்கும் மேற்பட்ட வேதிவினைகள் தேவைப்பட்டன. நுண்குழாயின் வளரும் முனையில் ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு வளரவிடாமல் தடுப்பது அதன் வேலை. குரோமோசோம்களைப் பிரிக்க முடியாமல் புற்றுநோய்ச் செல் பாதிவழியில் நின்று மடிகிறது. பல சிகிச்சைகளுக்குப் பிறகும் நோய் பரவிய 762 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடந்த பெரும் ஆய்வில், எரிபுலின் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 13.1 மாதம், மருத்துவர் தேர்ந்தெடுத்த மற்றச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 10.6 மாதம். நோய் முற்றியவர்களுக்குக் கிடைக்கும் இரண்டரை மாதம் சிறிய விஷயம் இல்லை. 2010 நவம்பரில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

மருந்தானாலும் நஞ்சின் குணம் அதைவிட்டுப் போய்விடவில்லை. எரிபுலின் பெறுபவர்களுக்கு வெள்ளணுக்கள் குறைகின்றன, விரல்கள் மரத்துப்போகின்றன. எலும்பு மஜ்ஜையின் செல்கள் ஓயாமல் பிளவுபடுபவை. நரம்பின் நீண்ட இழைகளுக்கு நுண்குழாய்களே உள்ளாதாரம். புற்றுநோயைக் கொல்லும் அதே செயல் இவற்றையும் வருத்துகிறது. எல்லா நஞ்சும் இந்தத் தராசில் தேறுவதில்லை. பஹாமாஸ் கடற்பஞ்சு ஒன்றில் கிடைத்து 1990இல் வெளியான டிஸ்கோடெர்மோலைடு என்ற நஞ்சின் மீது பெரும் நம்பிக்கை இருந்தது. நோவார்டிஸ் நிறுவனம் மனிதச் சோதனைக்காக அதை 60 கிராம் செயற்கையாகத் தயாரித்தது. முதற்கட்டத்திலேயே நுரையீரல் பாதிப்பு தென்பட்டதால் முயற்சி கைவிடப்பட்டது.

உண்மையில் தயாரிப்பவர் யார்?

ஹாலிகாண்ட்ரின் கிடைத்த அதே ஜப்பானியக் கடற்பஞ்சிலிருந்து 1981இல் ஒகடாயிக் அமிலம் என்ற இன்னொரு நஞ்சும் வெளிவந்தது. செல்லுக்குள் பல புரதங்களை இயக்கவும் நிறுத்தவும் பயன்படும் பாஸ்ஃபேட் தொகுதியை அகற்றும் நொதிகளை அது முடக்கும். அடுத்த ஆண்டே ஒரு திருப்பம் ஏற்பட்டது: புரோரோசென்ட்ரம் லைமா என்ற ஒரு செல் பாசியும் இதே அமிலத்தைத் தயாரிக்கிறது. சிப்பியும் மட்டியும் இத்தகைய பாசிகளை உண்டு அமிலத்தைச் சேர்த்துக்கொள்ள, அவற்றைத் தின்ற மனிதருக்குக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாகிறது. அமிலத்தின் உற்பத்தியாளர் பாசிதான். கடற்பஞ்சு அதைச் சேர்த்துவைத்த இடம்.

சில கடற்பஞ்சுகளில் உடலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாக்டீரியாக்களே இருக்கும். தியோனெல்லா ஸ்வின்ஹோய் என்ற இனம் நச்சுகளின் எண்ணிக்கையில் பேர் பெற்றது. அவற்றுள் பாலிதியோனமைடு என்பது 48 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. செல்லின் சவ்வில் குறுக்கே நின்று துளை போட்டு, உள்ளிருக்கும் அயனிகளின் சமநிலையைக் குலைத்துவிடும். இத்தனையும் யார் கைவேலை? யோர்ன் பீல் குழுவினர் 2014இல் விடை சொன்னார்கள். அந்தக் கடற்பஞ்சுக்குள் வாழும் என்டோதியோனெல்லா என்ற இழை வடிவ பாக்டீரியாவின் மரபணுக்களில், அங்கிருந்து கிடைத்த நச்சுகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தயாரிப்புக் குறிப்பு இருந்தது. அந்த பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்க்க இயலவில்லை. செல்களைத் தனித்தனியே பிரித்து மரபணுவைப் படித்தார்கள்.

இது புதிய வழி ஒன்றைத் திறக்கிறது. தயாரிப்புக் குறிப்பு மரபணுவில் இருக்கிறது என்றால், அதை எளிதில் வளரும் பாக்டீரியாவுக்கு மாற்றிவைத்து வேலை வாங்க முயலலாம். கையளவு கடற்பஞ்சிலிருந்து டிஎன்ஏவை எடுத்தால் போதும். டன் கணக்கில் அறுவடை செய்யத் தேவை இல்லை.

பெர்க்மனின் படிகங்கள், கிஷியின் 32 இடங்கள், பீல் படித்த மரபணு எல்லாமே ஒரே திசையைக் காட்டுகின்றன. கடற்பஞ்சை அள்ளி எடுத்து மருந்து செய்த வழி எங்கும் பலிக்கவில்லை. அதன் நஞ்சு எந்த இடத்தைத் தொடுகிறது, எந்தப் பகுதியால் தொடுகிறது என்று கற்றுக்கொண்டபோதுதான் மருந்து பிறந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக எதிரிகளிடம் சோதித்துத் தேறிய மூலக்கூறுகள் இவை. ஆக்டினின் எந்த மூலையில் ஒட்ட வேண்டும், நுண்குழாயின் எந்த முனையைப் பிடிக்க வேண்டும் என்பதை நாம் முதலிலிருந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

நம் வாசலில் இருக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இதில் பங்கு உண்டு. முத்துச்சிப்பிப் பார்களை ஆராய 1902இல் வந்த ஹெர்ட்மன் சேகரித்த கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி 1905இல் விரிவாக விவரித்தார். பின்னாளில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.ஏ. தாமஸ் அந்தப் பட்டியலை வளர்த்தார். பெயரும் வடிவமும் எழுதப்பட்ட இனங்களில் பலவற்றின் வேதியியல் இனிமேல்தான் படிக்கப்பட வேண்டும். கடல்நீர் சூடாவதால் பவளம் வெளிறிச் சாகும்போது அதை ஒட்டி வாழும் உயிர்களும் இடம் இழக்கின்றன. ஓர் இனம் அழிந்தால் அதனோடு அதன் பாக்டீரியாக்களும், அவற்றின் மரபணுவில் எழுதியிருந்த தயாரிப்புக் குறிப்புகளும் அழியும். எந்த ஆய்வகமும் அவற்றைத் திரும்ப எழுத முடியாது. ஆகவே பவளப்பாறையைக் காப்பது கடலுக்குச் செய்யும் உபகாரம் மட்டுமில்லை. நாளைக்கு ஒரு நோயாளிக்கு மருந்து கிடைக்குமா கிடைக்காதா என்பதும் இன்று நாம் அந்தப் பாறைகளை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது.